மேகத்துக்கு மேலிருந்து மழையைக் கணிப்பது: செயற்கைக்கோள் வானிலை ஆய்வாளராக விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும் நாட்களில் தொலைக்காட்சியில் காட்டப்படும் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிட்டு, அதை ஆராய்வதையே தொழிலாகக் கொள்ள முடியுமா என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. முடியும். எந்தக் கல்லூரி, எந்தத் தேர்வு என்று விசாரிப்பதற்கு முன், அந்த வேலையின் அடிப்படையான உண்மை ஒன்றை அவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் மழையை அளப்பதில்லை. மழையை அளப்பது மழைமானி. மேகத்திலிருந்தும் நிலத்திலிருந்தும் கடலிலிருந்தும் மேலே வரும் கதிர்வீச்சைத்தான் செயற்கைக்கோள் அளக்கிறது. அந்தக் கதிர்வீச்சுக்குக் கீழே எவ்வளவு மழை பெய்துகொண்டிருக்கும் என்று ஊகித்து, அந்த ஊகம் எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்வதே இந்த ஆய்வாளரின் பணி. எதைப் படிக்க வேண்டும், எங்கே சேர வேண்டும், எதில் நேரத்தைச் செலவிட வேண்டும் என்பதெல்லாம் இதை ஒட்டியே அமைகின்றன.

முதலில் புரிந்துகொள்ள வேண்டிய இயற்பியல்

இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் புவியோடு சேர்ந்து சுற்றுவதால், இந்தியப் பெருங்கடலை இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. 2013-இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி, 2016-இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகிய மூன்றிலும் ஆறு அலைவரிசைகளில் படமெடுக்கும் கருவி உண்டு. அவற்றின் அகச்சிவப்புப் படத்திலிருந்து மேக உச்சியின் வெப்பநிலையை அறியலாம். மேகம் எவ்வளவு உயரமோ அவ்வளவு குளிர்ச்சி. குளிர்ந்த உச்சி என்றால் கனமழை என்பது மிகப் பழைய ஊகம். 1980-களில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஒரு முறை, மேக உச்சி 235 கெல்வினுக்கும், அதாவது மைனஸ் 38 டிகிரி செல்சியசுக்கும், கீழே குளிர்ந்திருந்தால் அங்கே மணிக்கு 3 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்ளலாம் என்றது. பரந்த வெப்பமண்டலக் கடற்பரப்பில் மாதச் சராசரிக்கு இந்த எளிய விதி வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு, ஒரு மணி நேரத்துக்கு என்று இறங்கினால் பொருந்துவதில்லை. மிக உயரத்தில் மெல்லிய திரையாகப் படர்ந்த கீற்று மேகம் கடுங்குளிராக இருந்தும் ஒரு துளி மழையைத் தராது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காற்றுமுகப் பக்கத்திலோ, அதிகம் உயராத மேகங்களே நாள் முழுவதும் கொட்டித் தீர்க்கும்.

நுண்ணலைக் கருவிகள் மேகத்தை ஊடுருவி உள்ளே இருப்பதைக் காண்பவை. கடல்நீர் நுண்ணலையைக் குறைவாகவே உமிழ்வதால் அந்தக் கருவிக்குக் கடல் குளிர்ந்த பின்னணியாகத் தோன்றும். அதன்மேல் மழைத்துளிகள் வெதுவெதுப்பாகப் பளிச்சிடும். நிலமோ தானே அதிகமாக உமிழ்வதால் மழைத்துளியின் உமிழ்வு அதில் கரைந்துபோகும். ஆகவே நிலத்தின்மேல் மேகத்தின் மேற்பகுதியிலுள்ள பனித்துகள்கள் 89 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண்களைச் சிதறடிக்கும் அளவை வைத்தே மழையை ஊகிக்க வேண்டியிருக்கிறது. கடலும் நிலமும் ஒரே படப்புள்ளிக்குள் வரும் கடற்கரையில் இரண்டு வழியுமே தடுமாறும். தமிழ்நாட்டின் பெருமழைகள் பெரும்பாலும் கடற்கரையில்தான் பெய்கின்றன என்பதால், நம் பகுதியை ஆராய விரும்புவோர் இந்தச் சிக்கலைத் தொடக்கத்திலேயே அறிந்திருப்பது நல்லது.

மூன்றாவது வழி விண்வெளியிலிருந்தே ரேடார் அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்பது. 1997 நவம்பரில் ஏவப்பட்ட அமெரிக்க-ஜப்பானியச் செயற்கைக்கோளான டிஆர்எம்எம் இதை முதன்முதலில் செய்துகாட்டியது. 2014 பிப்ரவரியில் ஏவப்பட்ட அதன் வாரிசான ஜிபிஎம், 13.6, 35.5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அதிர்வெண்களில் மழையை அடுக்கடுக்காகப் பார்க்கிறது. மழையின் செங்குத்து வடிவத்தை இதைவிடத் துல்லியமாகத் தரும் கருவி விண்ணில் அரிது. ஆனால் அது ஒரு நேரத்தில் குறுகிய பட்டை ஒன்றையே பார்த்துச் செல்வதால், நமக்கு வேண்டிய புயலின் மேலே வேண்டிய நேரத்தில் வரும் என்ற உறுதி இல்லை. எப்போதும் பார்க்கும் கருவி தெளிவாகப் பார்ப்பதில்லை, தெளிவாகப் பார்க்கும் கருவி எப்போதும் பார்ப்பதில்லை. இந்தத் துறையின் ஆய்வில் பெரும்பகுதி இவ்விரண்டையும் எப்படி இணைப்பது என்பதைப் பற்றியதே.

படிப்பு

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் இருந்தாக வேண்டும். இளநிலைப் பட்டத்துக்கு இயற்பியல், கணிதம், மின்னணுவியல், கணினி அறிவியல், புவித்தகவலியல் ஆகிய எதிலிருந்தும் இத்துறைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இயற்பியலையே முதலில் சொல்வேன். தொலையுணர்வு மென்பொருளை ஆறு மாதத்தில் பழகிக்கொள்ளலாம். வெப்ப இயக்கவியல், மின்காந்த அலை, வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவு ஆகியவற்றில் விட்டுப்போன அடித்தளத்தை முனைவர் பட்ட ஆய்வின் நடுவே கட்டியெழுப்புவது கடினம். படத்தில் வண்ணம் தீட்டத் தெரிந்தும், அந்த வண்ணம் எந்த வெப்பநிலையைக் குறிக்கிறது, அந்த வெப்பநிலை எங்கிருந்து வந்தது என்று விளக்கத் தெரியாமல் நேர்முகத் தேர்வில் திணறுவோர் அதிகம்.

நேராக இத்துறைக்கே செல்ல விரும்புவோருக்குத் திருவனந்தபுரத்தில் 2007-இல் தொடங்கப்பட்ட இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் ஒரு வழி. அதன் இளநிலைப் படிப்புக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற வேண்டும். முதுநிலையில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வானிலையியல் படிப்பும், விசாகப்பட்டினத்து ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் வானிலையியல், கடலியல் துறையும் பல தலைமுறை வானிலை ஆய்வாளர்களை உருவாக்கியவை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வளிமண்டல, கடல் அறிவியல் மையம், டெல்லி, கரக்பூர், புவனேஸ்வர் ஐஐடிகள், டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் ஆகியவையும் கருதத்தக்கவை. சென்னையிலேயே இருக்க வேண்டியவர்கள் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுப் படிப்பையும், வேளாண்மைப் பக்கம் சாய்வு உள்ளவர்கள் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் வானிலையியலையும் பார்க்கலாம். டேராடூன் நிறுவனம் இணையவழியில் நடத்தும் குறுகிய காலத் தொலையுணர்வு வகுப்புகளைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகையோடு செல்ல, தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட் முக்கியமான வாயில். அதில் புவி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியலுக்கென்று தனித்தாள் உண்டு. இயற்பியல் தாளில் தேர்ச்சி பெற்றவர்களையும் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் வீட்டில் பணம் கேட்காமல் ஐந்து ஆண்டு ஆய்வு செய்ய அது போதும்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு பயிற்சி

இத்துறையில் தரவு பெரும்பாலும் இலவசம் என்பது பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. நாசாவின் தரவுத் தளத்தில் ஒரு கணக்கு தொடங்கினால் உலகின் எந்த மூலையின் மழைக் கணிப்பையும் இறக்கிக்கொள்ளலாம். இன்சாட் தரவுக்கு அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மாஸ்டாக் தளம் இருக்கிறது. பட்டச் சான்றிதழை விட, இந்தத் தரவைக் கையாண்டு நீங்களே செய்த ஒரு சிறிய ஆய்வு உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். ஆகவே ஒரு குறிப்பிட்ட பயிற்சியை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. அதே நேரத்துக்கு, பல செயற்கைக்கோள்களின் கணிப்புகளை இணைத்து நாசா வெளியிடும் இமெர்ஜ் என்னும் தரவு அந்த இடத்தில் எவ்வளவு மழையைக் காட்டுகிறது என்று பாருங்கள். இமெர்ஜ் 0.1 டிகிரிக் கட்டங்களில், அரைமணிக்கு ஒரு கோப்பாகக் கிடைக்கிறது. பைத்தான் மொழியும், பல பரிமாணத் தரவைக் கையாளும் எக்ஸ்அரே போன்ற ஒரு நிரல் நூலகமும் இருந்தால் போதும். சாதாரண மடிக்கணினியே இதற்குப் போதுமானது.

வேலையில் இறங்கியதும் முதலில் எதிர்ப்படுவது நேரக் கணக்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது, 18-ஆம் தேதி மழை என்று அறிவிக்கப்படுவது 17-ஆம் தேதி காலை தொடங்கிப் பெய்தது. செயற்கைக்கோள் கோப்புகளோ உலகப் பொது நேரத்தில் இருக்கும். காலை 8.30 என்பது அங்கே 03.00 மணி. ஆகவே 17-ஆம் தேதி 03.00-இல் தொடங்கும் கோப்பு முதல் 18-ஆம் தேதி 02.30-இல் தொடங்கும் கோப்பு வரை மொத்தம் 48 கோப்புகள் வேண்டும். நாட்காட்டி நாளை அப்படியே எடுத்துக் கூட்டியவரின் ஒப்பீடு தொடக்கத்திலேயே பிழைபட்டுவிடும். அடுத்தது அலகு: கோப்பில் இருப்பது அரைமணி மழையின் அளவு அன்று, மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற வீதம். ஒவ்வொன்றையும் பாதியாக்கிய பிறகே கூட்ட வேண்டும். மறந்தால் மழை இரட்டிப்பாகும், அதைப் பார்த்துச் செயற்கைக்கோள் மிகையாகக் காட்டுகிறது என்று எழுதிவிடவும் வாய்ப்புண்டு. மூன்றாவது, அந்தக் கோப்பில் தரவு அட்சரேகைக்கு முன்னால் தீர்க்கரேகை என்ற வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். வரிசையை மாற்றாமல் வரைந்தால் இந்தியா பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். அதைக் கண்டு சிரித்துத் திருத்திக்கொள்ளலாம், கண்ணுக்குத் தெரியும் பிழை என்பதால் இது மூன்றிலும் தீங்கற்றது.

எண் கிடைத்த பிறகுதான் உண்மையான ஆய்வு தொடங்குகிறது. மழைமானியின் வாய் ஒரு சாண் அகலம்கூட இல்லை. இமெர்ஜின் ஒரு கட்டமோ ஏறத்தாழ 11 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம். இரண்டும் ஒத்துப்போகாதபோது பிழை செயற்கைக்கோளுடையதா, அல்லது ஒரு புள்ளியை ஒரு வட்டாரத்தோடு ஒப்பிட்ட நம்முடையதா என்று கேட்க வேண்டும். அக்கம்பக்கத்து மழைமானிகளையும், வானிலைத் துறை வெளியிடும் 0.25 டிகிரி கட்ட மழைத் தரவையும் சேர்த்துப் பாருங்கள். எந்தெந்த அரைமணியில் நுண்ணலைக் கருவி உண்மையில் அந்த இடத்தைக் கடந்தது, எந்தெந்த அரைமணி இடைநிரப்பலால் வந்தது என்பதை அந்தக் கோப்பிலேயே உள்ள துணைத் தரவு சொல்லும். பிழை எந்த நேரங்களில் கூடுகிறது என்று அதனோடு பொருத்திப் பாருங்கள். இமெர்ஜ் மூன்று பதிப்புகளாக வெளியாகிறது. சில மணி நேரத்தில் வருவது ஒன்று, ஏறத்தாழ அரை நாளுக்குப் பின் வருவது இன்னொன்று, மழைமானித் தரவைக் கொண்டு திருத்தப்பட்டுச் சில மாதங்கள் கழித்து வருவது மூன்றாவது. வெள்ள எச்சரிக்கைக்கு முதலாவதுதான் உதவும் என்பதால், மூன்றாவதை மட்டும் சரிபார்த்துவிட்டு இந்தத் தரவு எச்சரிக்கைக்கு ஏற்றது என்று முடிவுகட்டக் கூடாது. இவற்றையெல்லாம் நான்கு பக்கத்தில், இரண்டு படங்களோடு எழுதிவைத்துக்கொண்டால், ஆய்வு வழிகாட்டிக்கு அனுப்பும் கடிதத்தோடு இணைக்க அதைவிடச் சிறந்த ஒன்று கிடையாது.

புயலைப் படிக்கும் கலை

மழைக்கு இமெர்ஜ் போல, புயலுக்கு த்வோரக் முறை. வட இந்தியப் பெருங்கடலில் புயலுக்குள் விமானம் செலுத்தி அளக்கும் வழக்கமான ஏற்பாடு கிடையாது; கரையிலிருந்து தொலைவில் இருக்கும் புயலின் வலிமையைப் படத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க வானிலையாளர் வெர்னான் த்வோரக் 1970-களில் வகுத்த முறை, மேகப் பட்டை மையத்தை எவ்வளவு சுற்றி வளைத்திருக்கிறது, கண் தெரிகிறதா, கண்ணைச் சுற்றிய மேகம் எவ்வளவு குளிர்ந்தது என்பவற்றைக் கொண்டு ஒரு டி-எண்ணைத் தருகிறது. டி-2.5 என்றால் காற்று சுமார் 35 நாட் (மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர்), அதாவது புயல் என்று பெயர் சூட்டும் நிலை. டி-4 என்றால் 65 நாட். டி-6 என்றால் 115 நாட். அனுபவமுள்ள இருவர் ஒரே படத்துக்கு அரை எண் வேறுபாட்டோடு மதிப்பிடுவது இயல்பு. இன்று கணினி நிரல்களும் இந்த மதிப்பீட்டைச் செய்கின்றன, ஆனால் 2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா போன்ற ஒரு புயலின் படங்களை வரிசையாக எடுத்துக் கையாலேயே டி-எண் போட்டு, பின்னர் வானிலைத் துறையின் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பழகியவருக்கே அந்த நிரல் எங்கே தவறும் என்பது புலப்படும். படத்தில் தெரியும் மேகத்தின் இடமும் அப்படியே நம்பத்தக்கதன்று. இன்சாட்-3டி நிலைநிறுத்தப்பட்ட 82 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையிலிருந்து சென்னையைப் பார்க்கும்போது, 15 கிலோமீட்டர் உயர மேகத்தின் உச்சி சுமார் 4 கிலோமீட்டர் வடக்கே தள்ளித் தோன்றும். அது ஒரு அகச்சிவப்புப் படப்புள்ளியின் அகலம்.

வேலை எங்கே

ஒரே துறையானாலும் இருக்கும் இடத்தைப் பொறுத்து வேலையின் இயல்பு பெரிதும் மாறும். அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் கருவியை வடிவமைப்பதும் அதன் தரவிலிருந்து மழை, காற்று, ஈரப்பதம் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் கணக்கு முறைகளை எழுதுவதும் நடக்கும். டெல்லியிலுள்ள வானிலைத் துறைத் தலைமையகத்தின் செயற்கைக்கோள் பிரிவில் அன்றாடப் படங்களும் புயல் மதிப்பீடுகளும் உருவாகின்றன. நொய்டாவிலுள்ள தேசிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் அந்தத் தரவைக் கணினி முன்கணிப்பு மாதிரிகளுக்குள் ஏற்றுகிறது. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் பருவமழை ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்றது. தமிழ்நாட்டுக்கு மிக அருகில், திருப்பதியை ஒட்டிய காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் பெரிய ரேடார் ஒன்று தரையிலிருந்து வளிமண்டலத்தை ஆராய்கிறது; செயற்கைக்கோளை நம்புவதற்கு முன் தரைக் கருவியை அறிந்துகொள்ள விரும்புவோருக்கு அதைப் போன்ற பயிற்சிக்களம் குறைவு.

இஸ்ரோவின் விஞ்ஞானிப் பணிகளுக்கு அதன் மையங்கள் துறைவாரியாக விளம்பரம் வெளியிடுகின்றன. வானிலைத் துறையில் இளநிலைப் பட்டத்தோடு நுழைய, பணியாளர் தேர்வாணையம் நடத்தும் அறிவியல் உதவியாளர் தேர்வு ஒரு வழி. அது ஆய்வுப் பணி அன்று. சுழற்சி முறையில் இரவுப் பணியும் உண்டு. ஆனால் வானத்தைத் தினமும் பார்த்து எழுதிவைக்கும் பழக்கம் அங்கே கைவரும். விமானப்படையின் வானிலைப் பிரிவை மாணவர்கள் பொதுவாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளலாம். நாசாவில் நிரந்தர அரசுப் பணிக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்பதால், வெளிநாட்டவர் அங்கே செல்வது பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் வழியாகவும் முதுமுனைவர் ஆய்வு வழியாகவுமே. மேரிலாந்து, கொலராடோ, விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களில் இத்துறையின் குழுக்கள் வலுவானவை.

பொறுமை எவ்வளவு தேவைப்படும் என்பதற்கு டிஆர்எம்எம் செயற்கைக்கோளே சான்று. வானிலையியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்ணான ஜோன் சிம்ப்சன் 1986-இல் அந்தத் திட்டத்தின் அறிவியல் பொறுப்பை ஏற்றார். செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது 1997-இல். நம் அனுபவமும் அத்தகையதே. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபரில் ஏவிய மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளில் மழைக்கென்று வைத்த முதன்மைக் கருவியின் பெயர் மெட்ராஸ் (பெயரைக் கேட்டு மகிழ்ந்த தமிழர்கள் உண்டு). அது 2013-இலேயே செயலிழந்தது. ஆனால் ஈரப்பதத்தை அளக்க வைத்த சஃபிர் என்னும் துணைக் கருவி அதன்பின் பல ஆண்டுகள் உழைத்து, முன்கணிப்பு மையங்களுக்குத் தரவு வழங்கியது. மெட்ராஸை மட்டும் நம்பி ஆய்வுத் தலைப்பை வகுத்தவர்கள் திசை மாற வேண்டியதாயிற்று. ஆகவே முனைவர் பட்டத் தலைப்பை ஒரே கருவியோடு கட்டிவிடாமல், ஒரு கேள்வியோடு கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கடற்கரை மழையை நுண்ணலைக் கருவிகள் ஏன் தவறவிடுகின்றன என்பது கேள்வி; எந்தக் கருவி விண்ணில் இருந்தாலும் அது உயிரோடு இருக்கும்.

வழிகாட்டியைத் தேடும்போது நிறுவனத்தின் பெயரைவிட அவருடைய மாணவர்கள் அண்மையில் எழுதிய இரண்டு கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். தரைத் தரவோடு சரிபார்த்த பகுதி அவற்றில் எத்தனை பக்கம் இருக்கிறது என்று கவனியுங்கள். அந்தப் பகுதி மெலிந்திருந்தால் வேறு வழிகாட்டியைத் தேடலாம். கடிதம் எழுதும்போது ஆர்வத்தைப் பற்றி ஒரு வரி போதும். மீதி இடத்தில் நீங்கள் செய்த ஒப்பீட்டையும், அதில் விடை கிடைக்காமல் நின்ற ஒரு கேள்வியையும் எழுதி, அந்த நான்கு பக்கத்தை இணைத்து அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் மறுபடி ஒருமுறை எழுதுவதில் தவறில்லை. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பதை நினைவில் வையுங்கள். அந்த மூன்று மாதங்களில் இத்துறையினரின் பதில் தாமதமாகத்தான் வரும்.